ஒன்பது பேரும் ஒரு கேள்வியும்

மேசை மேல் ஒரு தாள் மூன்று நாள் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஊறுகாய்ப் பாட்டிலைத் தூக்கி வைத்திருந்தேன். என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா கையெழுத்து வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் போட்டுவிட்டார். நான்காவது இடம் மட்டும் காலி. நம் பஹாய் மதச் சட்டத்தில் பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, உயிரோடு இருக்கிற பெற்றோர் எல்லோரும் சம்மதம் தர வேண்டும். இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தால் உன்னளவு பட்டவள் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மகள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "எம்மா, பையனப் பிடிக்கலன்னா சொல்லிரு. ஒரு கையெழுத்துக்கு மூணு நாளா யோசிப்பாவ?" என்றாள். பையனுக்கு என்ன குறை, தங்கமான பிள்ளை. பேனாவை எடுத்தால் உன் முகம் வருகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "அடுப்புல வேலை கெடக்கு, போளா" என்று விரட்டிவிட்டேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை. இப்போது எழுதுகிறேன். திட்டுவதற்கு நீ இல்லை என்ற தைரியம்தான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கண்டெய்னர்களுக்குச் சுங்கத் தாள் தயார் செய்யும் அந்த ஆபீசில்தான் நாம் சேர்ந்தோம். நான் கொற்கைப் பக்கம் வாழை போடுகிற குடும்பம். நீ கீழவைப்பார் கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பெண். நான் கோப்பை மேசையில் வைத்துவிட்டு அது தானாக நகரும் என்று காத்திருப்பேன். நீ அப்படி இல்லை. ஒரு கடிதம் அனுப்பிப் பத்து நாளில் பதில் வராவிட்டால் ரிமைண்டர் அடிப்பாய். அதற்கும் வராவிட்டால் நேரில் போய் அந்த அதிகாரியின் மேசை முன்னால் நிற்பாய். "பதில் சொல்லுதது அவுக வேலை, கேக்குதது நம்ம வேலை. நம்ம வேலைய நாம செஞ்சிரணும்ளா" என்பாய்.

ஆபீசுக்குக் கணக்குப் பார்க்க வந்த ஒரு அம்மாள் தன் வீட்டுப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நம்மைக் கூப்பிட்டாள். எந்த மதத்தவரும் வரலாம் என்றாள். மக்ரூன் தருவார்கள் என்றுதான் நாம் போனோம், பொய் சொல்வானேன். இரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே மாலையில் பஹாய் சேர்க்கை அட்டையில் கையெழுத்துப் போட்டோம்.

அந்தக் கூட்டங்களில் எல்லோருக்கும் பிடித்த ஒரு கதை உண்டு. பாரசீகத்தில் பிறந்து, நாடு நாடாக விரட்டப்பட்டு, ஒரு சிறை நகரத்தில் அடைக்கப்பட்ட நம் நிறுவனருக்கு இறைவாக்கு வரும் வேளை. அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் நாணல் பேனாவால் எழுதித் தள்ளுவார். அந்த வேகத்தில் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். சில நேரம் எழுதியவருக்கே படிக்க வராதாம். நான் கண் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ மக்ரூன் தூளைத் தட்டிக்கொண்டே கேட்பாய்: "அதெல்லாம் சரி. அன்னைக்கு அவருகிட்ட யாரு கேட்டா?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நீ விடவில்லை. தமிழில் கிடைத்ததையும் ஆங்கிலத்தில் கிடைத்ததையும் வாங்கி வைத்துப் படித்தாய். இந்த வாக்கு ஒரு வியாபாரி கேட்டதற்கு வந்தது, இது சந்தேகப்பட்ட ஒரு உறவினர் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்ததற்கு வந்தது, இது பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வந்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தாய். சட்டங்கள்கூட, எங்களுக்குச் சட்டம் தாருங்கள் என்று நம்பிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப விண்ணப்பித்த பிறகுதான் வந்தன என்று கண்டுபிடித்த நாளில் உனக்கு வந்த குதூகலத்தை இப்போதும் பார்க்கிறேன். ஒரு பழைய நம்பிக்கையாளர் சட்டத்தில் புரியாததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்தக் கேள்விகளும் பதில்களும் சட்டத்தோடே சேர்த்து அச்சாகியிருக்கின்றன.

"பாத்தியாளா, கேட்டவன் கேள்வியும் வேதத்துக்குள்ள இருக்கு. எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. முங்கினவனுக்குத்தான் சிப்பி. கரையில நின்னுக்கிட்டு கடல் ஒண்ணும் தரலைன்னு சொல்லக்கூடாது" என்றாய்.

எனக்கு அந்தப் பேச்சு அப்போதே பிடிக்கவில்லை. தெய்வ வாக்கு தெய்வத்திடமிருந்து வருகிறது, இதில் கேட்கிறவனுக்கு என்ன பங்கு, பணிகிறவன்தான் நல்ல நம்பிக்கையாளன் என்பது என் கட்சி. தேவையில்லாத கேள்விகளால் முன்னோர் கெட்டார்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது அல்லவா, அதை அடிக்கடி எடுத்து உன் மேல் வீசுவேன். "தேவையில்லாததத்தான் கேக்கக் கூடாதுன்னு இருக்கு. தேவையானதக் கேளுன்னுதான் அதுக்கு அர்த்தம்" என்று நீ சிரிப்பாய். வாதத்தில் உன்னை நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அந்த எரிச்சலும் எனக்கு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் குடியேறினேன். நீயும் அதே ஊரில் அம்மாவோடு வாடகைக்கு வந்தாய். சிறுகச் சிறுக அந்த ஊர் எல்லைக்குள் வயது வந்த பஹாய்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். ஒன்பது இருந்தால்தான் உள்ளூர்ச் சபை. நம்மிடம் குருக்கள் இல்லை, சாமியார் இல்லை, எல்லாம் சபைதான். ஒன்பதுக்கு மேல் ஆள் இருந்தால் ரகசிய வாக்கெடுப்பு. சரியாக ஒன்பது என்றால் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டாலே சபை. சபைகள் அமைகிற ரிஸ்வான் திருநாளில் நீ ஒன்பதாவதாகக் கையெழுத்துப் போட்டதும் நான் உன்னைக் கட்டிப் பிடித்து அழுதேன். அன்றே என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு இரும்புப் பீரோவும் ரப்பர் ஸ்டாம்பும் வந்தன. அந்த ஸ்டாம்பை நான் எவ்வளவு பெருமையாகத் துடைத்து வைப்பேன் என்று உனக்குத் தெரியும். நீதானே கேலி செய்வாய்.

மறுவருஷம் உனக்கு ஒரு மனிதரைப் பிடித்துப்போனது. நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார், பஹாய்தான். கோடை வகுப்பில் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். அவர் அப்பா அம்மா உடனே சம்மதித்தார்கள். உன் அம்மா, ஞாயிறு பூசையை ஒரு வாரம் தவறவிடாத மனுஷி, "எந்தச் சாமி முன்னால நின்னா என்னளா, அவ சிரிச்சிட்டு இருந்தா போதும்" என்று தாளை வாங்கிக் கைநாட்டு வைத்தாள்.

நின்றது உன் அப்பாவிடம். கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போனவர், உனக்கு ஆறு வயதில் திரும்பி வரவில்லை. தோணி வந்தது. மற்ற ஆட்கள் வந்தார்கள். அவர் மட்டும் அங்கே கரையிறங்கி நடந்து போய்விட்டாராம். மாலத்தீவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கொழும்பில் வேறு குடும்பம் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். நீ தோணிக்காரர்களை விசாரித்தாய், அங்குள்ள மாதா கோயில் சாமிமார்களுக்கு எழுதினாய், தூதரகத்துக்கு எழுதினாய். செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

பத்தொன்பது நாளுக்கு ஒரு முறை நாம் கூடும் விருந்து நாள் ஒன்றில், பிரார்த்தனை முடிந்து எல்லோரும் சாப்பிட எழுந்தபோது, நீ என்னிடம் ஒரு உறையைத் தந்தாய். சபைக்கு எழுதியது. அங்கேயே எனக்குப் படித்தும் காட்டினாய். அதை இப்போது பார்க்காமலே சொல்வேன்: "என் தந்தை இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எங்கே என்று தெரியாது. தேடிய விவரங்களை இணைத்திருக்கிறேன். அவர் சம்மதம் இல்லாமல் நான் மணக்கலாமா? கூடாது என்றால் கீழ்ப்படிவேன். ஆனால் எனக்குப் பதில் வேண்டும்."

"நம்ம சபையில முடிவு சொல்லத் தெரியலன்னா மேல, தேசிய சபைக்கு அனுப்பிரு. நானும் கேட்டவ ஆயிட்டேம்ளா" என்றாய். அவ்வளவு சந்தோஷம் உனக்கு. கல்யாணச் சந்தோஷத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அன்று நான் என்ன நினைத்தேன் என்று எழுதிவிடுகிறேன். கல்யாணம் ஆனால் நீ நாகர்கோவிலுக்குப் போவாய். நீ போனால் எட்டு. எட்டு என்றால் சபை இல்லை, பீரோ இல்லை, ஸ்டாம்ப் இல்லை. சட்டம் தெளிவாகத்தானே இருக்கிறது, தந்தை உயிரோடு இருந்தால் சம்மதம் வேண்டும், இதில் இவளுக்கு என்ன கேள்வி என்று பக்தியை எடுத்து அதன் மேல் போர்த்திக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் உன் கடிதத்தை முன்வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நீ அன்று காய்ச்சலில் வரவில்லை, எனக்கு வசதியாகப் போயிற்று. உறையைப் பீரோவின் அடித்தட்டில் பழைய ரசீதுகளுக்குக் கீழே செருகினேன்.

"என்னளா, பேசினாவளா?" என்று நீ கேட்டாய்.

"மேல அனுப்பியாச்சு" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைதான் நான் செய்தது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

ஆபீசில் பத்து நாளுக்கு ஒரு ரிமைண்டர் அடிக்கிறவள், இதற்கு ஒன்றும் அடிக்கவில்லை. உன் சொந்த விஷயம் என்று சபைக் கூட்டத்திலும் பேச்செடுக்கவில்லை. மாதா மாதம் என் முகத்தைப் பார்ப்பாய், நான் தலையை ஆட்டுவேன், நீ சரி என்பாய். நேராக நீயே எழுதியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உன் மேல் எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். ஒரு தடவை, சபையில் இல்லாத என் வீட்டுக்காரரே "நீயே ஒரு கடுதாசி போட வேண்டியதுதான" என்றதற்கு, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி. அவ அனுப்பியிருக்கா. அவளத் தாண்டிப் போனா அவள நம்பலைன்னு ஆவும்" என்றாய். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்திருக்கலாம். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் மூன்று வருஷம் காத்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பிறகு அவர் அம்மா படுக்கையில் விழுந்தாள், வேறு பெண் பார்த்தார்கள். நீ குக்கர் வாங்கிக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போனாய், நானும் கூட வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் வள்ளியூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். வள்ளியூரில் "பசிக்குளா" என்றாய். இரண்டு வடை வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தாய். நான் அதைத் தின்றேன்.

கேள், இனிமேல்தான் கேவலம். அதற்கு அடுத்த வருஷம் என் பிள்ளைகள் படிப்புக்காகத் தூத்துக்குடி நகரத்துக்குள் வீடு மாறினோம். எல்லை தாண்டினேன். புதுக்கோட்டையில் எட்டுப் பேர் ஆனார்கள், சபை போயிற்று. யாரைப் பிடித்து வைத்து ஒன்பதைக் காப்பாற்றினேனோ அவள் அங்கே இருந்தாள், நான்தான் கிளம்பினேன். வீடு மாற்றும் அன்று முந்தானையைச் செருகிக்கொண்டு என் சட்டி பானையையெல்லாம் வண்டியில் ஏற்றியவள் நீ. அந்த இரும்புப் பீரோவையும் ஆட்களோடு சேர்ந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாய். "என்னத்தப் போட்டு வச்சிருக்கா இதுல, இந்தக் கனம் கனக்கு!" என்றாய்.

பிறகு மதுரையில் கல்யாணச் சட்டம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. நான் போயிருந்தேன். பெற்றோரில் ஒருவரை எவ்வளவு தேடியும் இருக்கும் இடம் தெரியவில்லை என்றால் அவர் சம்மதம் தேவையில்லை, சபை விசாரித்து அனுமதிக்கலாம் என்று வகுப்பெடுத்தவர் போகிற போக்கில் சொன்னார். எங்கோ, என்றோ, யாரோ ஒரு நம்பிக்கையாளர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. உனக்கான பதில் நீ கேட்பதற்கு முன்பே தயாராக இருந்திருக்கிறது. எழுதிக் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் வந்திருக்கும். வகுப்பு முடியும் முன்பே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். ஊருக்கு வந்ததும் நீ வந்து "வகுப்புல என்னளா சொன்னாவ?" என்று கேட்டாய். "பழைய பாட்டுத்தான்" என்றேன். காலம் கடந்துவிட்டது, இனிச் சொல்லி இவள் மனசை ஏன் புண்ணாக்க வேண்டும் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மனசைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நீ என்னைவிட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன்.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மதியங்களில் நான் வந்து உட்காருவேன். ஒரு நாள் நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். நீ மேலே பார்த்தபடி சொன்னாய்: "ஏளா, நான் கேட்டது கேள்வியே இல்ல போலுக்கு. அதான் பதில் வரல. எத்தனையோ பேருக்குப் பதில் வந்திருக்கு. நமக்கு அந்தத் தகுதி இல்லன்னு வையி."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்து ஊசி போட வேண்டும், வெளியே இருங்கள் என்றாள். ஊசி போட எத்தனை நேரம் ஆகும்? நான் திரும்ப உள்ளே வந்தேன், சுளையைப் பிரித்து உன் வாயில் வைத்தேன். அவ்வளவுதான்.

நான்கு நாளில் நீ போய்விட்டாய். உன்னைக் கீழவைப்பாரில் அடக்கம் செய்ய அம்மா விரும்பினாள். இறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது என்பது நம் சட்டம். வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐம்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று மதியம் மகளின் தாளில் கையெழுத்துப் போட்டேன். நான் செய்த பாவத்துக்கு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்? போட்ட கையோடு பீரோவின் அடித்தட்டில் கிடந்த உன் உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கீழவைப்பார் பஸ் ஏறினேன்.

உனக்குப் பிறகு ஊருக்கே திரும்பிவிட்ட உன் அம்மா, வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிகிறது. உட்கார வைத்துக் காப்பி போட்டுத் தந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. உறையைக் கையில் கொடுத்தேன். "படி" என்றாள். படித்தேன். "ஆனால் எனக்குப் பதில் வேண்டும்" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அவள் அழவில்லை.

"அவ அந்தக் கும்பிடுதத விட்டுட்டாளே, ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தெனமும் மத்தியானம் கைய மொவத்தக் கழுவிட்டு ஜெபம் சொல்லி நிப்பாள்லா, அது. அந்த வாத்தியாரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா பாரு, அதோட சரி. ஏம்ளான்னு கேட்டேன். 'கேட்டா பதில் சொல்லாதவருகிட்ட இனி என்னம்மா பேச'ன்னுட்டா. ஒருவேளை நம்ம கோயிலுக்காவது வருவாளான்னு பாத்தேன். அதுக்கும் வரல."

"விருந்துக்கெல்லாம் தவறாம வருவாளேம்மா? பாட்டெல்லாம் பாடுவாளே?"

"அது ஒனக்காவ. 'நான் போவலன்னா அவ ஒத்தையில இருப்பாம்மா'ம்பா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தேன். அம்மா உறையைத் தடவிப் பார்த்து மடித்து என் கையிலேயே வைத்து அழுத்தினாள். "இத நான் வச்சு என்ன செய்ய மக்கா? அவ ஒங்கிட்டத்தான குடுத்தா. நீயே வச்சுக்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், பஸ்ஸில் அழுதிருப்பேன், பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நம்பிக்கையாளர் கேட்டால் வானம் பதில் சொல்லும் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தவள் நீ. அது சரியாகத்தான் இருந்தது. பதில் இருந்தது, உன் கேள்விதான் போய்ச் சேரவில்லை. நீ கடவுளோடு பேச்சை நிறுத்திவிட்டாய். அத்தனை வருஷமும், சாத்துக்குடிச் சுளையை வாங்கித் தின்ற அந்த மதியம் வரைக்கும், என்னோடு பேசினாய்.